தோட்டத்து நத்தையும் வீட்டு நாயும்

ஜூன் இரண்டாம் வாரத்தில் மும்பையில் மழை பிடித்துக்கொண்டதும், செம்பூர், முலுண்டு, தாணா, டோம்பிவிலி என்று நம்மவர்கள் குடியிருக்கும் பகுதிகளில் சில விருந்தாளிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேருவார்கள். காம்பவுண்டுச் சுவரில் நத்தை ஏறும். படிக்கட்டு விளக்கடியில் தேரை உட்கார்ந்திருக்கும். சாக்கடையில் தண்ணீர் ஏறியதால் எலிகள் மேலே வரும். பூந்தொட்டிக்கு அடியில் வண்டும் பூரானும் குடிபுகும்.

நமக்கு இவை அருவருப்பு. வீட்டில் வளரும் நாய்க்கோ இவை விளையாட்டுச் சாமான், பசிக்குப் பலகாரம். முகர்ந்து பார்க்கும், நக்கும், கடிக்கும், சமயத்தில் விழுங்கியும் விடும். "நம் ஊரில் நாய் எதைத்தான் தின்னவில்லை? அதற்கெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஊரில் திண்ணையோரம் படுத்திருந்த நாய் கண்டதைத் தின்றது உண்மைதான். ஆனால் அவற்றில் எத்தனை நாய்கள் எதனால் செத்தன என்று யார் கணக்கு வைத்தார்கள்? ஒரு நாய் காணாமற்போனால் இன்னொரு நாய் அந்தத் திண்ணைக்கு வந்துவிடும். இங்கே ஃபிளாட்டில் குழந்தையோடு குழந்தையாக வளரும் நாய்க்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எந்தப் பூச்சியால் என்ன ஆபத்து, எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்கு ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டால் வீண் பதற்றமும் குறையும், உயிரும் பிழைக்கும்.

கல்கத்தாவில் இறங்கிய விருந்தாளி

கைவிரல் நீளத்துக்குக் கூம்பிய ஓடும், பழுப்புக் கோடுகளும் கொண்ட இந்தப் பெரிய நத்தை நம் நாட்டுக்கு உரியது அல்ல. பிறப்பிடம் கிழக்கு ஆப்பிரிக்கா. நத்தை, சிப்பி வகைகளை ஆராய்வதில் ஆர்வம் கொண்டிருந்த வில்லியம் ஹென்றி பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸ் தீவிலிருந்து கொண்டுவந்தார். 1847-இல் கல்கத்தா சௌரங்கிப் பகுதித் தோட்டத்தில் இவை விடப்பட்டன. அன்று சில நத்தைகள்தாம். இன்று வங்காளம், கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம் என்று பல மாநிலங்களில் இது தோட்டக்காரர்களுக்குத் தலைவலி.

பெருகுவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு நத்தையும் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கிறது. ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டைகள் மண்ணுக்குள் இடும். வெயில் காலத்தில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். மழை பெய்ததும் எழுந்து, பப்பாளி, கீரை, செம்பருத்தி, பந்தல் அவரை என்று எதையும் விடாமல் மேயும்.

நத்தைக்குள் இருக்கும் புழு

நத்தையின் சதை நாய்க்கு நஞ்சு அல்ல. ஆபத்து அதற்குள் குடியிருக்கும் புழுவில் இருக்கிறது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு மெல்லிய புழு உண்டு. 1935-இல் சீனாவின் காண்டன் நகரத்து எலிகளில் இதைக் கண்டறிந்ததால் அந்த ஊரின் பெயரே இதற்கு அமைந்தது: ஆஞ்சியோஸ்ட்ராங்கிலஸ் காண்டோனென்சிஸ். எலிப் புழுக்கையோடு இதன் குஞ்சுப் புழுக்கள் வெளியே வரும். நத்தை அந்தப் புழுக்கையை மேயும்போது புழு நத்தைக்குள் புகுந்து வளரும். அந்த நத்தையை எலி தின்றால் புழுவுக்குப் பழைய வீடு கிடைத்துவிடும்.

எலிக்குப் பதில் நாய்க்குட்டி தின்றால் புழு வழி தவறிவிடும். தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போய் அங்கேயே செத்துத் தொல்லை தரும். நத்தை தின்ற சில நாட்களிலோ இரண்டொரு வாரத்திலோ குட்டியின் பின்னங்கால்கள் தளரும். வால் தொங்கும். முதுகைத் தொட்டால் வீறிட்டு அழும். சிறுநீர் தானாகக் கசியும் அல்லது அடைபடும். கீழே விழுந்து அடிபட்டதாக நினைத்து நாம் தைலம் தடவிக்கொண்டிருப்போம். ஆஸ்திரேலியாவின் சிட்னி, பிரிஸ்பேன் நகரங்களில் கால்நடை மருத்துவர்கள் இந்த நோயை நாய்க்குட்டிகளிடம் விரிவாகக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

மனிதருக்கும் இதே புழு வந்து மூளை உறையில் அழற்சி உண்டாக்கும். கேரளத்தில் அப்படிப்பட்ட நோயாளிகளை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே குழந்தைகளை நத்தையைக் கையால் எடுக்க விடக் கூடாது. தோட்டத்துக் கீரையை ஓடும் தண்ணீரில் ஒவ்வோர் இலையாகக் கழுவிச் சமைத்துச் சாப்பிட வேண்டும். பச்சையாகத் தின்னக் கூடாது.

இந்த நோய் என்று சந்தேகம் வந்தால் மருந்துக் கடையில் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் புழுக்கள் ஒரேயடியாகச் செத்தால் வீக்கம் அதிகமாகலாம். எந்த மருந்து, எந்த வரிசையில் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நத்தையைவிடப் பொல்லாத நத்தை மருந்து

உண்மையில், நத்தையைத் தின்று நோய்ப்படும் நாயைவிட நத்தை மருந்தைத் தின்று துடிக்கும் நாய்க்குத்தான் அவசரம் அதிகம். கடைகளில் கிடைக்கும் நத்தை மருந்தில் பெரும்பாலும் இருப்பது மெட்டால்டிஹைடு. நத்தையைக் கவர்வதற்காக இதைத் தவிடு போன்ற தீனியோடு சேர்த்துக் குருணையாக உருட்டியிருப்பார்கள். நத்தைக்கு ருசிப்பது நாய்க்கும் ருசிக்கும். குருணையைப் பார்த்தால் நாய்த் தீனி மாதிரியே வேறு இருக்கும்.

தின்ற அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ஆரம்பமாகிவிடும். முதலில் நிலைகொள்ளாத தவிப்பு, எச்சில் வடிதல், மூச்சிரைப்பு. பிறகு தள்ளாட்டம். கதவு சாத்தும் சத்தத்துக்குக்கூட உடம்பு தூக்கிப் போடும். அதன்பின் நிற்காத வலிப்பு. நாய்க்கு இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். இந்த நஞ்சில் தசைகள் இடைவிடாமல் துடிப்பதால் அது 107, 108 வரைகூட ஏறும். அந்தச் சூடே உயிரைக் குடித்துவிடும். பிழைத்த நாய்க்கும் இரண்டு மூன்று நாள் கழித்துக் கல்லீரல் கெடலாம்.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. வலிப்பை அடக்கி, சூட்டைத் தணித்து, குளுக்கோஸ் ஏற்றி, நஞ்சு வெளியேறும்வரை தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. அதனால்தான் நேரம் முக்கியம். பிரிட்டனில் 2022 மார்ச் இறுதியோடு தோட்டங்களிலும் வயல்களிலும் இம்மருந்தைப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். பறவைகளுக்கும் மற்றப் பிராணிகளுக்கும் கெடுதல் என்பதே காரணம்.

தோட்டத்தில் போடும் வேறு இரண்டு பொருள்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். ரோஜாச் செடிக்கு வேர்ப்பூச்சி வராமல் இருக்க மாலிகள் மண்ணில் கலக்கும் குருணை மருந்துகளில் சில மிகக் கொடியவை. அவற்றில் ஒன்றான ஃபோரேட்டை மத்திய அரசு 2020 டிசம்பர் 31-உடன் தடை செய்துவிட்டது. ஆனால் பழைய டப்பா எந்த மூலையில் கிடக்கிறதோ! மற்றது ஆமணக்குப் பிண்ணாக்கு. உரம்தானே என்று எலும்புத் தூளோடு கலந்து போடுவார்கள். எலும்பு வாசனைக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்னும். ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்ற நஞ்சு பிண்ணாக்கிலும் தங்கியிருக்கலாம். சில மணி நேரம் கழித்து வாந்தியும் இரத்த பேதியும் தொடங்கும். நாய் இருக்கும் வீட்டுக்கு மண்புழு உரமே போதும்.

எலியும் எலிப் பாஷாணமும்

எலியால் வரும் ஆபத்து இரண்டு வகை. ஒன்று எலி சுமந்து வரும் நோய், மற்றது எலிக்கு நாம் வைக்கும் விஷம்.

2005 ஜூலை 26-ஆம் தேதியை மும்பைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டோம். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. வெள்ளம் வடிந்த பிறகு நகரில் பலரைப் படுக்கையில் தள்ளியது லெப்டோஸ்பைரோசிஸ் எனும் எலிக் காய்ச்சல். எலியின் சிறுநீரில் வெளிவரும் கிருமி தேங்கிய நீரில் உயிரோடு இருக்கும். காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே உள்ளே போய்விடும். நாய் அந்த நீரைக் குடித்தாலும், எலியைப் பிடித்துக் கடித்துத் தின்றாலும் அதற்கும் வரும்.

காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, வாந்தி, ஓயாத தாகம், கண்ணிலும் ஈறிலும் மஞ்சள் நிறம், பிறகு சிறுநீரகக் கோளாறு என்று நோய் முற்றும். முன்னதாகப் பிடித்துவிட்டால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்துகளே கேட்கும். முக்கியமான விஷயம், நோயுற்ற நாயின் சிறுநீரிலிருந்து வீட்டாருக்கும் பரவலாம். கையுறை போட்டுக்கொண்டு, கிருமிநாசினி ஊற்றிக் கழுவ வேண்டும். நாய்க்கு இதற்கென்று தடுப்பூசி உண்டு. முதலில் சில வார இடைவெளியில் இரண்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று. எல்லா வகைக் கிருமிக்கும் அது காப்பு அல்ல என்றாலும், மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. வெறிநாய்க்கடி ஊசி போட்டாயிற்று என்று இருந்துவிடாமல், லெப்டோவுக்கும் போட்டதா என்று புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

இனி விஷம். மெழுகுக் கட்டியாக, நீலம் பச்சை என்று வண்ணத்தில் கிடைக்கும் புரோமாடியோலோன், இரத்தம் உறைவதைத் தடுத்து எலியைக் கொல்லும். இதைத் தின்ற நாய் அன்று ஓடி விளையாடும், மறுநாளும் நன்றாகவே இருக்கும். மூன்றாம் நான்காம் நாளில்தான் ஈறு வெளுத்து, சோர்ந்து, மூச்சு வாங்கி, மூக்கிலோ மலத்திலோ இரத்தம் காணும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று முதல் இரண்டு நாளைக் கோட்டை விட்டவர்கள்தாம் அதிகம் இழப்பவர்கள். இத்தனைக்கும் இதற்கு நல்ல மாற்று மருந்து இருக்கிறது. வைட்டமின் கே-1 என்ற மருந்தை டாக்டர் சொல்லும் அளவில் மூன்று நான்கு வாரம் விடாமல் கொடுத்தால் நாய் பிழைத்துக்கொள்ளும்.

கரும்சாம்பல் நிறப் பொடியாக வரும் ஜிங்க் பாஸ்பைடு வேறு ரகம். வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சுவாயுவாக மாறும். பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை அடிக்கும். சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். மாற்று மருந்தும் இல்லை. இதைத் தின்ற நாய்க்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாது. சாப்பாடு விழுந்தால் அமிலம் சுரந்து வாயு இன்னும் அதிகமாகும். வண்டியில் கொண்டுபோகும்போது எல்லா ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். நாய் எடுக்கும் வாந்தியிலிருந்து கிளம்பும் வாயு நமக்கும் ஆகாது.

விஷம் தின்று செத்த எலியைத் தின்றால்? பெரிய நாய் ஓர் எலியைத் தின்று பாதிக்கப்படுவது அரிது. சிறிய ஜாதி நாயோ, தினமும் எலி பிடிக்கும் நாயோ என்றால் ஆபத்து உண்டு. எதுவானாலும் டாக்டருக்குச் சொல்லிவிடுவதே சரி.

விளக்கடியில் உட்கார்ந்திருக்கும் தேரை

தேரைக்குக் கடிக்கப் பல் இல்லை. கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் பால் போன்ற நஞ்சு இருக்கிறது. நாய் கவ்வியதும் அது பீறிட்டு வாயில் பூசிக்கொள்ளும். உடனே நாய் தேரையைத் துப்பிவிட்டு, வாயில் நுரை தள்ள, தலையை உதறிக்கொண்டு ஓடிவரும். வெறி பிடித்துவிட்டதோ என்று வீடே அலறும்.

பதறாமல், நாயின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடையுங்கள். ஒவ்வொரு தடவையும் துணியை அலசிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் கடைவாய்ப் பக்கமாக ஊற்றி வெளியே வடிய விட வேண்டும். தொண்டைக்குள் போகக் கூடாது. பெரும்பாலும் அரை மணியில் அடங்கிவிடும். தள்ளாட்டம், மூச்சுத் திணறல், வலிப்பு என்று எது தெரிந்தாலும் நஞ்சு இதயத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். இரவில் வெளியே வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் தேரை உட்கார்ந்து போயிருக்கலாம். காலையில் கொட்டிக் கழுவி வேறு தண்ணீர் வையுங்கள்.

வண்டு, உண்ணி, பல்லி

சாணி வண்டைத் தின்னும் நாய்க்கு ஸ்பைரோசெர்கா என்ற புழு வரும். வயிற்றிலிருந்து இரத்தக் குழாய் வழியே ஏறி, உணவுக்குழாயில் கட்டி கட்டும். சாப்பிட்டதை நாய் அப்படியே கக்கிக்கொண்டிருக்கும், மெலியும். வருடக்கணக்கில் விட்டால் கட்டி புற்றாகவும் மாறலாம். அடிக்கடி கக்கினால் அஜீரணம் என்று நினைத்து ஓமத் தண்ணீரோடு நிறுத்திவிட வேண்டாம்.

உண்ணி கடித்தால் நோய் வரும் என்பது தெரிந்ததே. உண்ணியைத் தின்றாலும் ஒரு நோய் வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஹெப்படோசூன் என்ற இந்த ஒட்டுண்ணியை எஸ்.பி. ஜேம்ஸ் என்பவர் 1905-இல் முதன்முதலாக விவரித்ததே நம் இந்திய நாய்களில்தான். விட்டு விட்டுக் காய்ச்சல், மெலிவு, சோகை இதன் அடையாளம். நாய் உடம்பைக் கடித்துக்கொள்ளும்போது உண்ணி வயிற்றுக்குள் போய்விடுகிறது. தெள்ளுப்பூச்சியை விழுங்கினால் நாடாப்புழு. மலத்துவாரத்தைச் சுற்றி அரிசி அரிசியாக ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் வழி ஒன்றே: உண்ணியும் தெள்ளும் அண்டாமல் நாயைச் சுத்தமாக வைத்திருப்பது.

பல்லியைப் பற்றி நம் வீடுகளில் பெரிய பயம் உண்டு. வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. அதன் குடலில் இருக்கும் சால்மொனெல்லா கிருமியால் நாய்க்கு வயிற்றுப்போக்கு வரலாம், சாணி வண்டின் புழு பல்லி வழியாகவும் வரலாம், அவ்வளவுதான். எறும்பு, மண்புழு, வெட்டுக்கிளி, ஒன்றிரண்டு கரப்பான் இவற்றைத் தின்ற நாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. தேனீயையோ குளவியையோ கவ்விக் கொட்டு வாங்கி, முகமும் தொண்டையும் வீங்கினால் மட்டும் உடனே போக வேண்டும்.

முதல் அரை மணி நேரம்

விஷம் தின்றுவிட்டது என்று தெரிந்ததும் ஊருக்குப் போன் போடுவோம். அத்தை மோர் கொடுக்கச் சொல்வார், பக்கத்து வீட்டார் உப்புத் தண்ணீர் என்பார், இன்னொருவர் தேங்காய் எண்ணெய் என்பார். எல்லாம் அன்பினால் சொல்வதுதான். ஆனால் எதையும் செய்யாதீர்கள். உப்புக் கரைசலே நாய்க்கு நஞ்சாகிவிடும். வலிப்பு வரும் நிலையில் ஊற்றும் பாலும் எண்ணெயும் நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்க வைக்கலாமா என்பதை டாக்டர் மட்டுமே சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது நான்கு. மிச்சமிருக்கும் மருந்தை நாய்க்கு எட்டாமல் அகற்றுங்கள். அட்டைப் பெட்டியோ காகிதமோ கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள மருந்தின் பெயரைப் பார்த்துத்தான் டாக்டர் சிகிச்சையைத் தீர்மானிப்பார். எப்போது, எவ்வளவு தின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். போகும் வழியிலேயே டாக்டருக்குப் போன் செய்துவிடுங்கள். உடம்பு கொதித்தால் ஈரத்துணி போர்த்தலாம். வலிப்பின்போது வாய்க்குள் கை விடாதீர்கள். கடிபட்டால் அது நாயின் குற்றம் அல்ல.

இரவில் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது என்பதை நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே விசாரித்து, நம்பரைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டி வையுங்கள். பரேலில் 1886-இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி தலைமுறை தலைமுறையாகக் கால்நடை மருத்துவர்களை உருவாக்கித் தந்த ஊர் இது. வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. எங்கே போவது என்று நடு இரவில் தேடுவதில்தான் நேரம் போகிறது.

தோட்டத்திலும் சொசைட்டியிலும்

நத்தையை ஒழிக்க மருந்தில்லா வழி இருக்கிறது. மாலையில் ஒரு கோணிச் சாக்கை நனைத்து விரித்து, அதன் கீழ் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ போட்டு வையுங்கள். இரவில் நத்தைகள் அங்கே கூடிவிடும். விடிந்ததும் கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கி, கெட்டியான உப்புக் கரைசல் உள்ள வாளியில் போட்டு, பிறகு ஆழமாகப் புதைத்துவிடுங்கள். மழைக் காலம் முழுக்க விடாமல் செய்தால் பலன் தெரியும். நாயை இரவில் தோட்டத்துக்குக் கொண்டுபோனால் டார்ச் விளக்கும் கழுத்துப் பட்டையும் கட்டாயம். "விடு" என்றால் வாயில் உள்ளதை விடுமாறு சின்ன வயதிலேயே பழக்குங்கள். பல மருந்துகளைவிட அந்த ஒரு சொல் அதிகம் காப்பாற்றும்.

நாம் ஒரு வீட்டில் கவனமாக இருந்தால் மட்டும் போதாது. நம்மில் பெரும்பாலோர் சொசைட்டிக் கட்டடங்களில் இருக்கிறோம். எலிக்கும் நத்தைக்கும் மருந்து வைப்பது கமிட்டி. வைப்பவர் காண்ட்ராக்ட் ஆள். மாடிப்படிக்கு அடியில் என்ன வைத்தார், எந்தத் தேதியில் வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. பொதுக்குழுவில் நம்மவர்கள் எழுந்து கேட்க வேண்டும்: மருந்தின் பெயரையும் தேதியையும் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள், பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள், வேலை முடிந்ததும் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். நாய் இல்லாத வீட்டாரும் இதை மறுக்க மாட்டார்கள். தவழும் குழந்தை எல்லாத் தளத்திலும் இருக்கிறது.

பாஷை ஒரு தடை என்று தயங்க வேண்டாம். மராத்தியில் எலிக்கு உந்தீர், நத்தைக்கு கோகல்காய். இந்த இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு மாலியிடம் "எதற்கு மருந்து போட்டாய், பெட்டியைக் காட்டு" என்று கேட்டுவிடலாம். அந்தப் பெட்டியைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே செய்துவிடுங்கள். மழை நமக்காகக் காத்திருக்காது.